போகிக்கு முன் ஒரு வேண்டுகோள்: அந்தப் பிளாஸ்டிக் பொம்மைகளை எரித்துவிடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் மகன் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டான். நான் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு, விரல் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் சிப்பாயின் முதுகில் ஸ்க்ரூ டிரைவர் வைத்துத் திருகிக்கொண்டிருக்கிறேன். "ரிட்டயர் ஆன பிறகு அத்தைக்குப் புது வேலை" என்று கீழே எழுதியிருந்தான். சிரிக்கும் பொம்மைகளாக வந்து விழுந்தன. என் நாத்தனார் மட்டும் அக்கறையாக எழுதினார்: "இன்னும் நாலு நாள்ல போகி வருது. அந்தப் பெட்டியைத் தூக்கி அதுல போட்டுட்டு நிம்மதியா இருங்க அண்ணி."

அவருக்கு அங்கேயே பதில் எழுத ஆரம்பித்தேன். எழுதி முடித்தபோது குழுவில் போடுகிற அளவைத் தாண்டிவிட்டது. அதோடு, இதைப் படிக்க வேண்டியவர்களில் முக்கியமானவர்கள் என் பழைய மாணவர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அந்தப் பெட்டியில் இருப்பவை என் பொம்மைகள் அல்ல. உங்களுடையவை.

1990 முதல் ஒரு பதினைந்து ஆண்டு, வகுப்பு நடக்கும்போது பெஞ்சுக்கு அடியில் நீங்கள் வைத்து விளையாடி, நான் பிடுங்கி வைத்தவை. "வருஷக் கடைசியில வாங்கிக்க" என்று சொல்லி மேசை அறையில் போடுவேன். பாதிப் பேர் வந்து வாங்கிக்கொண்டீர்கள். மீதிப் பேர் பயந்துகொண்டு கேட்கவே இல்லை. சிலர் ஊர் மாறிப் போனார்கள். பணி மாறுதல் வரும்போதெல்லாம் அதை ஒரு தகரப் பெட்டியில் போட்டு நானும் கூடவே தூக்கிக்கொண்டு வந்தேன். எறிய மனம் வரவில்லை. திருப்பிக் கொடுக்கவும் முயற்சி எடுக்கவில்லை. இரண்டாவதுதான் உறுத்துகிறது.

ஒவ்வொன்றையும் நோட்டுத் தாளில் சுற்றி, மேலே பெயரும் வகுப்பும் எழுதி வைத்திருந்தேன். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது நம் யாருக்கும் மறக்காது. எங்கள் வீட்டில் ஓடு பறந்து, பின்னறை முழுக்க மழைத் தண்ணீர். பெட்டியைத் திறந்து பார்த்தபோது தாளெல்லாம் கூழாகிக் கிடந்தது. மை கரைந்து ஒரு பெயரும் படிக்க முடியவில்லை. பொம்மைகள் மட்டும் அப்படியே இருந்தன. அன்றைக்கு நானும் எல்லாரையும் போல, "பிளாஸ்டிக் ஆச்சே, அதுக்கு என்ன ஆகும்" என்று துடைத்து வைத்து மூடிவிட்டேன்.

இந்தப் பதிவில் நான் மறுக்க வந்தது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது என்று வகுப்பில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மண்ணில் புதைத்தால் நூறு வருடம் மக்காது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். குப்பையாக அது மக்காது, அது உண்மை. ஆனால் பொம்மையாக அதற்கு இருபது முப்பது வருடத்தில் வயதாகிவிடுகிறது. கை உடைகிறது, முகம் மஞ்சளாகிறது, உடம்பு பிசுபிசுக்கிறது. எங்கள் வீட்டு மரப்பாச்சிக்கு நான்கு தலைமுறை ஆகிறது. அதற்கு ஒரு விரிசல் இல்லை. பண்ருட்டியில் என் அம்மா வாங்கிய செட்டியார் பொம்மைக்கு மூக்கு உடைந்தால் கொஞ்சம் காகிதக்கூழ் வைத்துச் சாயம் பூசிவிடலாம். பிளாஸ்டிக் சிப்பாய்க்கு அப்படி ஒரு வைத்தியம் கிடையாது. போனது போனதுதான்.

பெட்டியை மறுபடி ஒழுங்காகத் திறந்தது 2020-இல், ஊரடங்கின்போது. உள்ளே பார்த்தபோது பாதிக்குப் பாதி கெட்டிருந்தது. அதில் கொஞ்சம் காலம் கெடுத்தது. மீதி நான் கெடுத்தது. என் தவறுகளையே வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில், ஷோகேஸில் இப்படி ஏதாவது இருந்தால் அது பிழைக்கட்டும்.

முதல் தவறு அந்துருண்டை. நம் ஊரில் பெட்டி என்றால் அந்துருண்டை போடாமல் மூடுவோமா? நானும் ஒரு கை அள்ளிப் போட்டிருந்தேன். அந்துருண்டை நாஃப்தலீன். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை, முக்கியமாகப் பாலிஸ்டைரீனை, இளக்கிவிடும். சிதம்பரம் ஆனித் திருமஞ்சனத்துக் கடைகளில் வாங்குவீர்களே, மெல்லிய, சட்டென்று ஒடிகிற பொம்மைகள், அவற்றில் பல இந்த வகை. அதில் இரண்டு பெட்டியின் அடியோடு ஒட்டிக்கொண்டு, உருண்டை பட்ட இடமெல்லாம் குழியாகிக் கிடந்தன. பட்டுப்புடவைக்கு வைக்கிறதைப் பொம்மைக்கு வைக்காதீர்கள்.

இரண்டாவது, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் குவித்தது. பிளாஸ்டிக் என்று ஒரே பெயர் சொல்கிறோமே தவிர, அது ஒரு சாதி இல்லை. கெட்டியான பொம்மைகள் பல ஏ.பி.எஸ். என்ற வகை. லெகோ கட்டைகள் 1963 முதல் அதில்தான் செய்யப்படுகின்றன. அமுக்கினால் அமுங்குகிற டைனோசர், கார்ச் சக்கரம், சில பொம்மைகளின் தலை எல்லாம் பி.வி.சி. என்ற வகை. பி.வி.சி. தன் இயல்பில் குழாய் மாதிரி விறைப்பானது. அதை மெத்தென்று ஆக்க எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலக்கிறார்கள். நாள் ஆக ஆக அது வெளியே கசிகிறது, பழைய மைசூர்பாகுப் பெட்டியில் நெய் கசிந்து தாளெல்லாம் ஊறியிருக்குமே, அந்த மாதிரி. பழைய ரப்பர் பொம்மை கையில் பிசுபிசுவென்று ஒட்டுவது அழுக்கினால் அல்ல, இந்தக் கசிவினால். அந்தக் கசிவு பக்கத்தில் இருக்கும் கெட்டிப் பிளாஸ்டிக்கையும் அரித்துவிடும். என் பெட்டியில் ஒரு குட்டிக் காரின் சக்கரம் பக்கத்திலிருந்த சிப்பாயின் காலில் பதிந்து, அச்சு வைத்தது போல் இருக்கிறது. இனி அந்தத் தழும்பு போகாது.

இதையெல்லாம் எனக்கு விளக்கியவன் என் மாணவன்தான். கிண்டியில் இருக்கும் சிப்பெட்டில் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் படித்தவன். ஐந்தாம் வகுப்பில் அவனுக்கு மூன்று நிலைப் பொருள்களைப் பற்றி நான் பாடம் எடுத்தேன். இப்போது ஃபோனில் அவன் எனக்கு எடுக்கிறான். "டீச்சர், கவனமா கேளுங்க, திரும்பச் சொல்ல மாட்டேன்" என்று என் குரலிலேயே சொல்லிச் சிரிக்கிறான். படவா.

அவன் சொல்லித்தான் டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் யுவோன் ஷஷூவா என்ற அம்மையார் இதையே ஆராய்ச்சியாகச் செய்திருப்பது தெரிந்தது. மெத்தென்ற பி.வி.சி.யைப் பாலிதீன் பையில் போட்டால், அந்தப் பை கசிவை உறிஞ்சி உறிஞ்சி எடுத்துக்கொள்ளும், பொம்மை சீக்கிரம் விறைத்துச் சுருங்கும். கண்ணாடிக்குள் மூடி வைத்தால் கண்ணாடி எதையும் உறிஞ்சாது, கசிவு மெதுவாகும். இதைக் கேட்டதும் நான் செய்த முதல் காரியம், பரணில் இருந்த பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களை இறக்கிக் கழுவியதுதான். இப்போது என் டைனோசர்கள் ஆளுக்கு ஒரு பாட்டிலில் இருக்கின்றன. பார்க்க அந்தக் கால அறிவியல் கூடம் மாதிரி இருக்கிறது. நாத்தனார் வந்தால் பயந்துவிடுவார். இருக்கட்டும்.

மூன்றாவது தவறு, சுத்தம். இது என்னைப் போன்ற ஆட்களுக்கே உரிய வியாதி. 2020-இல் வீட்டுக்குள் வருகிற கீரைக்கட்டைக்கூடக் கழுவிக்கொண்டிருந்தோம். அந்த வேகத்தில் ஒரு சிப்பாயின் முகத்தைச் சானிடைசர் போட்டு அழுத்தித் துடைத்தேன். பஞ்சில் கறுப்பாக ஏதோ வந்தது. அழுக்கு என்று சந்தோஷப்பட்டேன். அது அவன் கண்ணும் புருவமும். இப்போது அவனுக்கு முகம் இல்லை.

சாராயம் கலந்த எதுவும் சாயத்தை எடுக்கும். பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு அழிக்கிற திரவம் எல்லாம் பிளாஸ்டிக்கையே கரைக்கும். பித்தளைப் பாத்திரம் மாதிரி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கவும் இது இடம் தராது. விம் பவுடர் போட்டால் பளபளப்புப் போய்க் கீறல் விழும். மூட்டு இறுக்கமாக இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடுவோம். உள்ளே இருக்கும் ரப்பர் ஊறி உப்பி அறுந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, குழந்தைகள் பல் தேய்க்கிற மெல்லிய பிரஷ், பிறகு பழைய வேட்டித் துணி, நிழலில் காற்று. அவ்வளவு போதும். திருகு உள்ள பொம்மையைத் தண்ணீரில் ஊறப் போட வேண்டாம். பரங்கிப்பேட்டைக் கடல் நமக்கு எட்டின தூரம்தான், இந்த உப்புக் காற்றிலேயே இரும்பு தானாகத் துருப்பிடிக்கும். நாம் வேறு தண்ணீர் விட வேண்டுமா?

நிழலில் என்று சொன்னதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். வடகம், மிளகாய், மெத்தை எல்லாவற்றையும் நாம் மொட்டை மாடிக்குக் கொண்டு போவோம். நானும் பொம்மைகளைக் கொண்டு போனேன். வெள்ளைப் பொம்மை மஞ்சளாவதற்கு முக்கியக் காரணமே வெயில்தான். ஏ.பி.எஸ்.ஸுக்குள் உதைத்தால் தாங்குவதற்காக ஒரு ரப்பர்ச் சேர்மானம் இருக்கிறது. புற ஊதாக் கதிர் பட்டால் அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மஞ்சளாகும், அதோடு நொறுங்கும் குணமும் வரும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலும் அப்படித்தான், கண்ணாடி எல்லாக் கதிரையும் தடுப்பதில்லை. ஆகவே தெருப்பக்க ஜன்னலுக்கு எதிரே ஷோகேஸ் வைத்து அழகு பார்ப்பவர்கள் அதைச் சுவர் மாற்றி வையுங்கள். பரணும் வேண்டாம். தளத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கும் பரணில் அக்னி நட்சத்திரத்தின்போது கை வைத்துப் பாருங்கள். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. பரணில் ஒரு வருடம் இருந்தால் பீரோவின் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று வருடம் இருந்ததற்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையிலும் வைக்காதீர்கள். 2015 வெள்ளத்தில் தரையில் வைத்ததெல்லாம் என்ன ஆயிற்று என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மஞ்சளானதை வெளுக்கவைக்க ஒரு வித்தை யூடியூபில் ஓடுகிறது. காதில் ஊற்றுவார்களே ஹைட்ரஜன் பெராக்சைடு, அதில் முக்கி வெயிலில் வைத்தால் பளிச்சென்று வெள்ளையாகிவிடுமாம். ஆகிறது, உண்மைதான். அண்ணன் மகன் செய்து காட்டினான். சில மாதத்தில் மஞ்சள் திரும்ப வந்தது. மேல்பக்கம் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளிறியும் போனது. எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. முப்பது வயதுப் பொம்மை முப்பது வயதாகத் தெரிந்தால் என்ன குற்றம்? நான் தலைக்குச் சாயம் பூசுவதை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. நோய் வேறு, நரை வேறு. பிசுபிசுப்பு, விரிசல், துரு எல்லாம் நோய், அதைக் கவனிக்க வேண்டும். மஞ்சள் பெரும்பாலும் நரை. மேலும் மஞ்சளாகாமல் நிழலுக்கு மாற்றினால் போதும்.

அண்ணன் மகனைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அவன் முதலில் என்னைத் திருத்தினான்: "பொம்மைன்னு சொல்லாதீங்க அத்தை, ஆக்‌ஷன் ஃபிகர்." இந்தப் பெயரின் கதை வேடிக்கையானது. 1964-இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்று ஒரு சிப்பாய்ப் பொம்மையைக் கொண்டுவந்தது. உடுப்பு மாற்றி விளையாடுகிற பொம்மைதான். பொம்மை என்று சொன்னால் ஆண் பிள்ளைகளுக்கு யாரும் வாங்கித் தர மாட்டார்கள் என்று பயந்து, ஆக்‌ஷன் ஃபிகர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1982-இல் அதே பெயரில் மூன்றே முக்கால் அங்குலச் சிப்பாய்கள் வந்தன. நம் ஊருக்கு அதைக் கொண்டுவந்தது ஃபன்ஸ்கூல். எம்.ஆர்.எஃப். டயர்க்காரர்கள் 1987-இல் தொடங்கிய நிறுவனம், தொழிற்சாலை கோவாவில். அமெரிக்காவில் 1994-இல் அந்த வரிசையை நிறுத்திய பிறகும் இங்கே தொடர்ந்து செய்தார்கள். அங்கே இல்லாத நிறச் சேர்க்கைகளில் செய்தார்கள் என்பதால் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றைக்கும் இந்தியச் சிப்பாய்களைத் தேடி வாங்குகிறார்களாம். புவனகிரி பையனின் கால்சட்டைப் பையில் இருந்ததற்கு எங்கோ ஒரு மேல்நாட்டுக்காரர் ஆசைப்படுகிறார் என்றால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

விலை கிடைக்கும் என்பதற்காக நான் இதைப் பாதுகாக்கவில்லை. விற்கவும் எனக்கு உரிமை இல்லை.

அந்தச் சிப்பாய்களைத் தூக்கினால் இடுப்பிலிருந்து இரண்டாகத் தொங்கும். நான் உடைந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். உடையவில்லை. நெஞ்சையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரப்பர் வளையம். கால்களை இணைக்கும் கொக்கியில் ஒரு முனையும், நெஞ்சுக்குள் திருகு ஏறும் முளையில் மறு முனையுமாக மாட்டியிருக்கும். அதனால்தான் அவன் இடுப்பை வளைத்து உட்காருவான், திரும்புவான். ரப்பர் வயதாகி இறுகி அறுந்தால் ஆள் விழுந்துவிடுவான். முதுகில் ஒரே ஒரு திருகு. சரியான அளவு ஸ்க்ரூ டிரைவர் போட்டு மெதுவாகக் கழற்றி, புது வளையம் மாட்டி மூட வேண்டியதுதான். கடைத்தெருவில் குழாய்ச் சாமான் விற்கும் கடைக்குப் பொம்மையையே எடுத்துக்கொண்டு போய், "இதுக்குப் பொருந்துற மாதிரி ஓ-ரிங் குடு தம்பி" என்றேன். ஏற இறங்கப் பார்த்தான். பிறகு பத்துப் பதினைந்து வளையங்களைக் கொட்டி அவனே பொருத்திப் பார்த்தான். அடுத்த தடவை போனபோது, "டீச்சர், அந்த ஆள் நிக்கிறாரா?" என்று கேட்டான். குடும்பக் குழுவில் வந்த படம் இந்த வைத்தியத்தின்போது எடுத்ததுதான்.

ஒன்று சொல்ல மறந்தேன். துப்பாக்கியைக் கையில் திணிக்காதீர்கள். பழைய பிளாஸ்டிக் கை விறைத்திருக்கும், கட்டைவிரல் பட்டென்று போய்விடும். கையை மட்டும் சற்றுநேரம் சூடான தண்ணீரில், கொதிநீரில் அல்ல, காட்டினால் இளகும். இது எனக்குத் தெரியவந்தது ஒரு கட்டைவிரல் போன பிறகு.

பிளாஸ்டிக்குக்குப் போய் இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1969-இல் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் அணிந்த உடை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த உடைகளின் ரப்பர் இறுகி நொறுங்குகிறது, உள்ளிருக்கும் பிளாஸ்டிக் குழாய்கள் கசிகின்றன, என் டைனோசருக்கு வந்த அதே நோய். பல ஆண்டு அதைக் காட்சியிலிருந்தே எடுத்து வைத்திருந்தார்கள். பொதுமக்களிடம் நன்கொடை வாங்கிச் சீர்செய்து, நிலவில் இறங்கி ஐம்பது ஆண்டு நிறைந்த 2019 ஜூலையில்தான் மறுபடி பார்வைக்கு வைத்தார்கள். வெப்பமும் ஈரமும் வெளிச்சமும் கட்டுப்படுத்திய பெட்டியில். நிலவுக்குப் போன உடைக்கும் பிசுபிசுப்பு வருகிறது என்றால், பெஞ்சுக்கு அடியில் போனதற்கு வராதா?

சரி, இதற்கு நாம் புதிதாகப் படிக்க வேண்டியது என்ன? ஒன்றுமில்லை என்பது என் கட்சி. கொலு வைக்கிற வீட்டுப் பெண்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். வருடத்துக்கு ஒரு தடவை பெட்டியை இறக்குகிறோம். ஒவ்வொரு பொம்மையையும் கையில் எடுத்துத் துணியால் துடைத்து, எங்கே பொரிந்திருக்கிறது, எங்கே விரிசல் என்று பார்க்கிறோம். ஒன்பது நாள் காற்றாட வைக்கிறோம். பிறகு ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாகத் துணியில் சுற்றி உள்ளே வைக்கிறோம். அருங்காட்சியகத்தில் செய்வதும் சாராம்சத்தில் இதுதான். இப்போது நான் கொலுவுக்கு மறுநாளே சிப்பாய்ப் பெட்டியையும் திறந்துவிடுகிறேன். மெத்தென்ற வகையை மட்டும் துணியில் சுற்றுவதில்லை, துணி ஒட்டிக்கொள்ளும். அச்சடித்த செய்தித்தாளும் கூடாது. மை ஏறி, தினத்தந்தித் தலைப்பு டைனோசர் வயிற்றில் படிந்துவிடும். எனக்குப் படிந்திருக்கிறது.

இளைய சேகரிப்பாளர்களிடம் எனக்கு ஒரு சண்டையும் உண்டு. பெட்டியைப் பிரிக்காமலே வைத்தால்தான் மதிப்பு என்று, வாங்கின அட்டையோடு சுவரில் மாட்டி, பிள்ளைகளைக் கிட்டே விடாமல் விரட்டுகிறார்கள். அட்டைக்குள் மூடியிருக்கிற பொம்மையின் ரப்பர் அறுந்தால் அவர்களுக்கே தெரியாது. தொடாமல் இருப்பது பாதுகாப்பு அல்ல. அதே நேரம் வாயில் வைக்கும் வயதுக் குழந்தையிடம் பழைய பிளாஸ்டிக்கைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்தக் காலச் சாயங்களிலும் நிறமிகளிலும் ஈயம், காட்மியம் இருக்கலாம். நம் நாட்டில் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானதே 2021 ஜனவரி 1-இல்தான். என் பேரனுக்கு ஒன்பது வயது, அதனால் உட்கார வைத்து, தொட்டுப் பார்க்க விட்டு, பிறகு கை கழுவச் சொல்வேன். தாத்தா காலத்துப் பொருளைப் பார்ப்பது போல் பார்க்கிறான். அவன் அப்பா வயதுப் பொருள்தான் அது.

நாத்தனாருக்கு இப்போது பதில். எரிக்கச் சொல்லாதீர்கள். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், டையாக்சின் என்ற நஞ்சும் வரும். போகி விடியற்காலையில் நம் தெருவில் மூச்சுத் திணறுகிறவர்களில் நீங்களும் ஒருவர், மறந்துவிட்டீர்களா? அந்தக் காலத்தில் நாம் கொளுத்தியது பாயும் துடைப்பமும் கூடையும். இப்போது டயர் கொளுத்துகிறார்கள். உங்கள் வீட்டில் நிஜமாகவே வேண்டாத பொம்மை இருந்தால் பேரூராட்சி வண்டியில் தனியாகப் போடுங்கள். போடும் முன் யாருடையது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மகன் துபாயில் இருக்கும்போது அவன் பெட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார்கள். வந்தவன் ஒன்றும் சொல்லவில்லை. பரணை மட்டும் இரண்டு தடவை ஏறிப் பார்த்தான் என்று அவன் அம்மாவே என்னிடம் சொன்னார்.

கடைசியாக என் மாணவர்களுக்கு. பெட்டியில் இப்போது இருப்பவை பத்தொன்பது. ஜி.ஐ. ஜோ சிப்பாய்கள் ஆறு, அதில் ஒருவனுக்கு முகம் இல்லை. பின்னால் இழுத்து விட்டால் ஓடும் கார் நான்கு, ஓடுவது இரண்டு. டைனோசர் மூன்று. மார்பில் சூரியன் மாதிரி ஒட்டின, சக்திமான் என்று சொல்லி விற்ற சிவப்புப் பொம்மை ஒன்று, கடைக்காரர் சொன்னால் ஒழிய சக்திமான் என்று யாருக்கும் தெரியாது. வால் இல்லாத குதிரை. சாவி கொடுத்தால் தலையாட்டும் குரங்கு. இரண்டு பம்பரம், பிளாஸ்டிக். கண் உருளும் ஒரு குட்டிப் பாப்பா, இது ஒரு பெண்ணிடமிருந்து எடுத்தது, அவள் அழவில்லை, அது நன்றாக நினைவிருக்கிறது.

உங்களுடையது இதில் இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அடையாளம் எதுவும் காட்ட வேண்டாம், சொன்னால் நம்புவேன். தூரத்தில் இருப்பவர்கள் அண்ணன் தம்பியை, அம்மாவை அனுப்பலாம். கொடுக்கும்போது எப்படி வைக்க வேண்டும் என்று ஒரு பாடம் நடத்துவேன், அதற்குத் தயாராக வாருங்கள்.

அந்தப் பச்சை உடுப்பு, சிவப்புத் தொப்பிச் சிப்பாய்க்கு உரியவனை மட்டும் தெரிந்தவர்கள் யாராவது தேடிச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்பு, கடைசி பெஞ்சு, 1996 அல்லது 97. அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தார். அவர் முதல் தடவை லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது அது என்று அவன் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதற்குள் அரைப்பரீட்சையோடு அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான். போகிற அன்று ஆசிரியர் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து "என்னடா?" என்றேன். "ஒண்ணுமில்ல டீச்சர்" என்று போய்விட்டான்.

அவனிடம் சொல்லுங்கள். இடுப்பு ரப்பர் புதிதாக மாட்டியிருக்கிறேன், இப்போது நிற்கிறான், உட்காருகிறான். வலது கைக் கட்டைவிரல் மட்டும் இல்லை. அது நான் உடைத்தது.